ஹாரிஸ் கவுன்டி கிரிமினல் கோர்ட் ரெக்கார்டுகளில் தேடுவது எப்படி?

அமெரிக்க மாப்பிள்ளை என்றால் சம்பளம் எவ்வளவு, என்ன விசா, சொந்த வீடா வாடகை வீடா என்று விசாரிப்பார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. "அவர் பேரில் அங்கே ஏதாவது கேஸ் இருக்கிறதா என்று நெட்டில் பார்த்துச் சொல்லேன்" என்கிறார்கள்.

நான் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் ஒரு ப்ராஜெக்டில் இருந்தபோது, மதுரையிலிருந்து என் பெரியப்பா போன் செய்தார். எனக்கு இரவு பதினொரு மணி, அவருக்குக் காலை ஒன்பதரை. தங்கைக்கு வந்திருந்த வரன் ஹூஸ்டன் பக்கம் வேலை பார்ப்பவர். பணம் வாங்கிக்கொண்டு விவரம் தரும் ஏதோ ஒரு வெப்சைட்டில் மாப்பிள்ளை பெயரை டைப் செய்திருக்கிறார். "கிரிமினல் ரெக்கார்டு உள்ளது" என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. பெரியப்பா பதறிப் போய்விட்டார்.

நான் உடனே கோர்ட் வெப்சைட்டில் தேடினேன். அந்தப் பெயர் இருந்தது. "ஆமாம் பெரியப்பா, ஒரு கேஸ் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் பார்க்கவில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாமல் எப்படித் தேடுவது என்று முதலில் பார்ப்போம்.

கவுன்டி என்றால் என்ன?

நம்மூர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் மட்டும் 254 கவுன்டிகள் இருக்கின்றன. ஹூஸ்டனின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுன்டியில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 47 லட்சத்துக்கும் மேல். லாஸ் ஏஞ்சல்ஸ், குக் ஆகியவற்றுக்கு அடுத்து அமெரிக்காவின் மூன்றாவது பெரிய கவுன்டி இதுதான்.

அமெரிக்கா முழுவதற்குமான கிரிமினல் கேஸ்களைப் பொதுமக்கள் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க அரசாங்க வெப்சைட் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கவுன்டியும் தன் கோர்ட் ரெக்கார்டுகளைத் தானே வைத்திருக்கிறது. எனவே எந்தக் கவுன்டி என்று தெரியாமல் தேடுவதில் பயனில்லை.

ரெக்கார்டுகளை வைத்திருப்பவர் யார்?

ஹாரிஸ் கவுன்டியில் இந்த வேலை டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்துடையது. டிஸ்ட்ரிக்ட் கிளார்க் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. பெரிய குற்றங்களான ஃபெலனி கேஸ்களும், அதற்கு அடுத்த நிலையில் உள்ள ஏ கிளாஸ், பி கிளாஸ் மிஸ்டிமீனர் கேஸ்களும் இவரிடம் இருக்கும்.

சி கிளாஸ் மிஸ்டிமீனர் என்பது அதிகபட்சம் 500 டாலர் அபராதத்தோடு முடிந்துவிடும் சிறு குற்றம். சாதாரண டிராபிக் டிக்கெட்டுகள் இந்த வகை. இவை டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் வராது. கவுன்டியின் 16 ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டுகளிலோ, நகரத்தின் முனிசிபல் கோர்ட்டிலோ இருக்கும். அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

தேடும் முறை

1. சர்ச் என்ஜினில் பெயரை டைப் செய்தால் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள்தான். அரசாங்க முத்திரை மாதிரி ஒரு படத்தைப் போட்டு, கடைசியில் கிரெடிட் கார்டு நம்பர் கேட்பார்கள். டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் உண்மையான வெப்சைட்டும் 'டாட் காம்' என்றே முடிவதால் முகவரியை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். எனவே 'டாட் கவ்' என்று முடியும் ஹாரிஸ் கவுன்டியின் வெப்சைட்டைத் திறந்து, அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் கிளார்க் லிங்க்கை க்ளிக் செய்து போங்கள்.

2. உங்கள் ஈமெயில் முகவரியைக் கொடுத்து ஒரு லாகின் உருவாக்கிக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. வங்கிக் கணக்குக்கு வைத்திருக்கும் பாஸ்வேர்டையே இங்கும் கொடுத்துவிடாதீர்கள்.

3. ரெக்கார்டுகளைத் தேடும் பகுதிக்குப் போய், கிரிமினல் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். சிவில், குடும்ப வழக்குகள் தனிப் பிரிவுகளில் இருக்கும்.

4. குடும்பப் பெயரையும் முதல் பெயரையும் அதனதன் கட்டத்தில் டைப் செய்து தேடுங்கள். கேஸ் நம்பர் தெரிந்தால் அதை வைத்தே தேடலாம். அங்கே அதை 'காஸ் நம்பர்' என்பார்கள்.

5. கேஸ்களின் பட்டியல் வரும். உங்களுக்கு வேண்டிய கேஸ் நம்பரைக் க்ளிக் செய்தால் முழு விவரமும் திறக்கும்.

வெப்சைட்டை அவ்வப்போது மாற்றி அமைப்பார்கள். பட்டன்கள் இடம் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம், வேலை இதே வரிசையில்தான் நடக்கும்.

நம்மவர் பெயரில் உள்ள சிக்கல்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அமெரிக்காவில் அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது. சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அவர்களுடைய அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எப்.என்.யு.' என்று மூன்று எழுத்து இருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. எனவே பெயர்களை இடம் மாற்றியும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஸ்பெல்லிங்கையும் மறக்காதீர்கள். சண்முகம் என்ற பெயரை 'எஸ்' மட்டும் போட்டு எழுதுபவர்களும் உண்டு, 'எஸ்.எச்.' போட்டு எழுதுபவர்களும் உண்டு. ழகரத்துக்கு 'இசட்.எச்.' போடுவார்கள், 'எல்' போடுவார்கள். கம்ப்யூட்டர் நீங்கள் டைப் செய்த எழுத்தைத்தான் பார்க்கும், உங்கள் மனதில் உள்ள உச்சரிப்பை அல்ல.

ஆளை உறுதி செய்வது எப்படி?

பெயர் பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கேஸ் விவரத்தில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றிய குறிப்புகள் இருக்கும். அவற்றில் முக்கியமானது பிறந்த தேதி. வரன் என்றால் ஜாதகம் உங்கள் கையிலேயே இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் தேதியை எழுதும்போது மாதத்தை முதலில் போடுவார்கள். 04/07 என்றால் ஏப்ரல் 7. நாம் அதை ஜூலை 4 என்று படித்துவிடுவோம். அடுத்து, பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியை மாற்றிக் கொடுப்பது நம்மூரில் நடப்பதுதான். ஜாதகத்தில் ஒன்றும் சர்டிபிகேட்டில் ஒன்றும் இருக்கலாம். அமெரிக்க ரெக்கார்டில் வருவது பெரும்பாலும் பாஸ்போர்ட்டில் உள்ள தேதி.

'எஸ்.பி.என்.' என்ற நம்பரையும் பாருங்கள். ஹாரிஸ் கவுன்டியின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நபருக்கும் தரும் அடையாள எண் இது. ஒரே பெயரில் மூன்று கேஸ்கள் வந்து, அவற்றின் எஸ்.பி.என். வேறு வேறாக இருந்தால், அவர்கள் வேறு வேறு ஆட்களாக இருக்க வாய்ப்பு அதிகம். டேட்டாபேஸ் பற்றிப் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பெயர் ஒரு 'கீ' ஆக முடியாது, நம்பர்தான் ஆக முடியும்.

கேஸ் இருந்தால் குற்றவாளியா?

இல்லை. கேஸ் பதிவானது வேறு, குற்றம் நிரூபணமானது வேறு. கேஸ் எப்படி முடிந்தது என்று காட்டும் 'டிஸ்போசிஷன்' என்ற இடத்தைப் படிக்காமல் விடாதீர்கள்.

டிஸ்மிஸ்டு: கேஸ் தள்ளுபடியாகிவிட்டது.

அக்விட்டட்: விசாரணைக்குப் பின் விடுதலை செய்யப்பட்டார்.

கன்விக்டட்: குற்றம் உறுதியாகிவிட்டது.

டெஃபர்டு அட்ஜுடிகேஷன்: குற்றவாளி என்ற தீர்ப்பை நீதிபதி தள்ளி வைத்து, ஆளைக் கண்காணிப்பில் விட்டிருக்கிறார். நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் கேஸ் தள்ளுபடியாகும். டெக்சாஸ் சட்டப்படி பொதுவாக இது தண்டனை ஆகாது. ஆனால் விசா, கிரீன் கார்டு விஷயங்களில் மத்திய அரசின் குடியேற்றச் சட்டம் இதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். விசாவில் இருப்பவர்கள் இதற்கு ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வக்கீலைக் கேட்பது அவசியம்.

ஆக்டிவ்: கேஸ் இன்னும் முடியவில்லை. இது நீண்ட நாட்களாக அப்படியே இருந்தாலும் அதை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளத்தில் ஹூஸ்டனின் கிரிமினல் கோர்ட் கட்டடம் பாதிக்கப்பட்டு மூடப்பட்டது. 2020-ல் கொரோனா வந்தது. கேஸ்கள் மலையாகத் தேங்கின. யாருடைய தவறும் இல்லாமல் தாமதமான கேஸ்கள் நிறைய.

ஒன்றும் வரவில்லை என்றால்?

அதை வைத்து எந்தக் கேஸும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, கேஸ் பக்கத்துக் கவுன்டியில் இருக்கலாம். நம்மவர்கள் அதிகம் வசிக்கும் ஷுகர் லேண்ட் 'ஹூஸ்டன்' என்றே பேச்சில் சொல்லப்பட்டாலும், அது இருப்பது ஃபோர்ட் பென்ட் கவுன்டியில். புகழ்பெற்ற மீனாட்சி கோயில் இருக்கும் பேர்லேண்டின் பெரும்பகுதி பிரசோரியா கவுன்டியைச் சேர்ந்தது. இவற்றின் ரெக்கார்டுகள் ஹாரிஸ் கவுன்டி வெப்சைட்டில் கிடைக்காது.

இரண்டாவது, மத்திய அரசின் சட்டப்படியான குற்றங்கள் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகும். அவற்றைத் தேடுவதற்கு 'பேஸர்' என்ற தனி வெப்சைட் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணம். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் முடிந்தால் பணம் வாங்குவதில்லை.

மூன்றாவது, கோர்ட் உத்தரவால் நீக்கப்பட்ட, மறைக்கப்பட்ட கேஸ்கள் பொதுமக்கள் பார்வைக்கு வராது. சிறுவர்கள் மீதான கேஸ்களும் ரகசியமாகவே வைக்கப்படும்.

நான்காவது, நீங்கள் டைப் செய்த ஸ்பெல்லிங் தவறாக இருக்கலாம்.

தண்டனை பெற்றவர்களின் விவரத்தை மாநிலம் முழுவதற்குமாகத் தேட டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையும் ஒரு வெப்சைட் வைத்திருக்கிறது. அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

பணம் வாங்கும் வெப்சைட்டுகள்

பல தனியார் நிறுவனங்கள் கோர்ட் ரெக்கார்டுகளை மொத்தமாகச் சேர்த்து வைத்து விற்கின்றன. அவர்களிடம் உள்ள நகல் பழையதாக இருக்கலாம். கோர்ட்டில் கேஸ் தள்ளுபடியான பிறகும் அவர்களிடம் அது அப்படியே இருக்கலாம். எனவே அங்கே என்ன வந்தாலும் கோர்ட் வெப்சைட்டில் சரி பாருங்கள்.

வேலைக்கு எடுக்கவோ, வீடு வாடகைக்கு விடவோ இப்படிப்பட்ட அறிக்கையைப் பயன்படுத்துவதற்கு 1970-ல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் விதிகள் வைத்திருக்கிறது. வேலைக்கான விசாரணை என்றால் உங்களிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அறிக்கையின் பேரில் உங்களை நிராகரித்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்த 60 நாட்களுக்குள் கேட்டால் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்கும். தவறு இருப்பதாக நீங்கள் எழுதினால் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. யார் பெயரிலோ உள்ள கேஸ் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டால், முதலில் கைவிட்டுப் போவது வாடகை வீடாக இருக்கலாம், வேலையாகவும் இருக்கலாம்.

என் தவறு

இனி கதைக்கு வருகிறேன். பெரியப்பாவிடம் பேசி இரண்டு நாள் கழித்து, மனசு கேட்காமல் அந்தக் கேஸை மறுபடி திறந்து பார்த்தேன். அதில் இருந்தவர் மாப்பிள்ளையை விட 22 வயது மூத்தவர். அந்தக் கேஸும் தள்ளுபடியாகியிருந்தது. மாப்பிள்ளை இருந்ததோ ஷுகர் லேண்டில். நான் தேடிய கவுன்டியே சரியில்லை. ஃபோர்ட் பென்ட் கவுன்டியில் தேடினேன். அவர் பெயரில் எதுவும் இல்லை.

உடனே போன் செய்தேன். அதற்குள் பெரியப்பா தரகரிடம் சொல்லிவிட்டார். தரகர் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார். பெரியப்பா நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு தப்பும் செய்யாத பையனைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு கிளம்பியதற்குக் காரணம் நான்தான்.

தேடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். பிறந்த தேதி, எஸ்.பி.என்., டிஸ்போசிஷன், கவுன்டி ஆகிய நான்கையும் சரி பார்க்க இன்னும் பத்து நிமிடம் ஆகும். அந்த நான்கையும் ஒரு பேப்பரில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் செய்து முடித்த பிறகு போனை எடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.