கை வெடிக்காமல் துணி துவைக்க



நமது உதவிப் பட்டியலில் உள்ள சகோதரிகள் சிலர் நாலைந்து வீடுகளுக்குத் துணி துவைத்துப் பிழைப்பவர்கள். மாத அரிசி வாங்க வரும்போது, பேனா பிடிக்க முடியாத அளவுக்கு அவர்கள் விரல்கள் வெடித்திருப்பதைப் பார்க்கிறோம். காரமான சோப்புத் தூளில் தினமும் கை ஊறினால் இப்படித்தான் ஆகும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். மற்றவர்களும் பயன்படுத்தலாம்.

ஜவ்வாது மலையிலிருந்து புளி, கடுக்காயோடு பூந்திக்கொட்டையும் கீழே வருகிறது. பொற்கொல்லர்கள் நகை கழுவவும், வீடுகளில் பட்டுப்புடவை அலசவும் பயன்படுத்திய அதே கொட்டைதான். அதன் தோலில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் சாதாரண சோப்பு திரிந்து துணியில் வெள்ளையாகப் படியும். சபோனின் அப்படித் திரியாது. போர் தண்ணீரையே நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது பெரிய வசதி.

கொட்டையை உடைத்துக் கறுப்பு விதையை எறிந்துவிடுங்கள், அதில் நுரை கிடையாது. 100 கிராம் தோலை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து துணியில் வடிகட்டவும். ஒரு வாளித் துணிக்கு ஒரு டம்ளர் போதும். வெளியில் வைத்தால் இரண்டு நாளில் புளித்துவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இலை, காய் கொண்டு கழுவுவது நமக்குப் புதிதல்ல. மய்யித்தை இலந்தை இலை கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுவது ஹதீஸில் வந்துள்ள முறை. இலந்தை இலையிலும் இதே சபோனின் உண்டு.

ஒரு மஸ்அலா: தொழுகைக்கான துணியில் நஜீஸ் பட்டிருந்தால், நுரையோடு நிறுத்தாமல் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிவிடுவதே பேணுதல். அப்படி அலசினால் கொட்டையின் பழுப்பு நிறமும் வெள்ளை ஜிப்பாவில் தங்காது.

எண்ணெய்க்கறையும் மெக்கானிக் கடை அழுக்கும் இதில் முழுதாகப் போகாது. அவற்றுக்குப் பருத்தித் துணியானால் வெந்நீரில் இரண்டு கரண்டி சலவைச் சோடா போட்டு ஊறவைக்கலாம். அதுவும் காரம்தான், கம்பால் கிளறுங்கள். பட்டு, கம்பளிக்கு வேண்டாம். விளம்பரத்தில் வரும் 'பளீர்' வெண்மையையும் எதிர்பார்க்க வேண்டாம். அது அழுக்கு போனதால் மட்டும் வருவதல்ல, தூளில் கலக்கும் ஒளிரும் சாயத்தின் வேலை.

இயற்கைப் பொருள் என்று துவைத்த தண்ணீரை ஏரியிலோ குட்டையிலோ ஊற்றாதீர்கள். சபோனின் மீனைக் கொல்லும். தோல் கழிவால் பாலாறு கெட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனதைப் பார்த்தவர்கள் நாம். தோட்டத்து மண்ணில் ஊற்றினால் போதும்.

சந்தையில் மலைவாசிகளிடமே வாங்குங்கள், அவர்களிடம் அடித்துப் பேரம் பேசாதீர்கள். பட்டியலில் உள்ள சகோதரிகளுக்கு, விதை நீக்கிய தோல் அடுத்த மாத அரிசியோடு கால் கிலோ தரப்படும். பை கொண்டு வரவும்.