சென்னை டூ மதுரை ஃப்ளைட்: ஒரு மணி நேரத்தை எவ்வளவு விலைக்கு வாங்குறீங்க?

சென்னையில் வேலை, வீடு அழகர்கோவில் பக்கம். வெள்ளிக்கிழமை ஆனா ஊருக்குப் போகணும். "ஃப்ளைட்ல போனா ஒன்றரை மணி நேரம்தானே!" என்று டிக்கெட் போடும் முன், இந்தக் கணக்கை ஒருமுறை பாருங்க.

சென்னை, மதுரை விமான நிலையங்களுக்கு நடுவே நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ. டிக்கெட்டில் இருக்கும் நேரம் ஓடுபாதையில் நகர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து சுமார் 1 மணி 20 நிமிடம். ஆனா நீங்க போக வேண்டியது விமான நிலையத்துக்கு இல்ல, வீட்டுக்கு.

மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே இருக்கு. அழகர்கோவில் வடக்கே. இறங்கின பிறகு முப்பது கிலோமீட்டருக்கு மேல் ரோட்டில் போகணும்.

கிண்டியிலிருந்து வீட்டு வாசல் வரை (தோராயமாக)

ஃப்ளைட்: விமான நிலையம் போக 30 நிமிடம், காத்திருப்பு 1½ மணி, பயணம் 1 மணி 20 நிமிடம், லக்கேஜ் எடுத்து வெளியே வர 30 நிமிடம், டாக்ஸி 1 மணி 10 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம்.

வந்தே பாரத்: எழும்பூர் போக 45 நிமிடம், காத்திருப்பு 30 நிமிடம், பயணம் சுமார் 5½ மணி, ஸ்டேஷனிலிருந்து வீடு 1¼ மணி. மொத்தம் 8 மணி நேரம்.

ஆக, மிச்சமாவது 3 மணி நேரம்.

இப்ப பணம். உதாரணத்துக்கு ஃப்ளைட்டும் டாக்ஸியும் ரூ.5,500, ரயிலும் பஸ், ஆட்டோவும் ரூ.1,800 என்று வைங்க. வித்தியாசம் ரூ.3,700. அதாவது மணிக்கு ரூ.1,233.

கையில் வாங்கும் சம்பளம் ரூ.40,000 என்றால், 22 நாள், தினம் 9 மணி நேரம் கணக்குப்படி உங்க ஒரு மணி நேரம் ரூ.202. ரூ.202-க்கு விற்கும் நேரத்தை ரூ.1,233 கொடுத்துத் திரும்ப வாங்குறீங்க! ராத்திரி கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போனா, தூங்கும் நேரத்திலேயே பயணம் முடிஞ்சிடும்.

வருஷத்துக்கு ஆறு முறை போய் வந்தா 12 பயணம். 12 × 3,700 = ரூ.44,400. ஒரு மாசச் சம்பளத்துக்கும் மேல.

"எல்டிஏ கிளெய்ம் பண்ணிக்கலாம் சார்" என்பவர்களுக்கு: அந்த வரிவிலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். அதுவும் நாலு வருஷத் தொகுப்புக்கு இரண்டு பயணம்.

அப்ப ஃப்ளைட்டே வேண்டாமா?

வேணும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்காங்க என்று போன் வந்தா, அந்த 3 மணி நேரத்துக்கு விலையே கிடையாது. அன்னைக்குக் கடைசி நேர டிக்கெட் எவ்வளவு இருந்தாலும் யோசிக்காம ஏறணும். அதுக்குக் கையில் பணம் இருக்கணும். கிரெடிட் கார்டு கடனா இருக்கக் கூடாது. அதனால மிச்சமாகும் தொகையில் முதல் ரூ.25,000-ஐத் தனி சேமிப்புக் கணக்கில் 'அவசரப் பயணம்' என்று ஒதுக்கிடுங்க.

சித்திரைத் திருவிழா அவசரம் இல்ல. சித்ரா பௌர்ணமி என்னைக்குன்னு காலண்டரிலேயே இருக்கு. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது. அந்தத் தேதிக்கு இன்னைக்கே போனில் அலாரம் வைங்க. அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் நாளில் அழகர்கோவில் ரோட்டுக் கூட்டத்தில், ஃப்ளைட்ல வந்தவரும் ரயில்ல வந்தவரும் ஒரே வேகத்தில்தான் போகணும்!