நூறு ரூபாய்க்கு 144 ரூபாய்

இந்திய ரூபாயும் பாகிஸ்தான் ரூபாயும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1948 ஜூன் வரை இரு நாடுகளுக்கும் இந்திய ரிசர்வ் வங்கியே மத்திய வங்கி. நூறுக்கு நூறு என்பதே கணக்கு. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 30.5 சதவீதம் குறைத்தது. இந்தியாவும் பின்தொடர்ந்தது, 3.31 ரூபாயாக இருந்த டாலர் 4.76 ரூபாயாயிற்று. பாகிஸ்தான் மறுத்துவிட்டது. விளைவு, நூறு பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய்!

இந்த விகிதத்தை டெல்லி ஏற்க மறுத்ததில் பொருளியலைவிடத் தன்மானமே மிகுதி என்பது என் கணிப்பு. அடி விழுந்ததோ சணல் மீது. ஆலைகள் கல்கத்தாவை ஒட்டிய ஹூக்ளிக் கரையில். உயர்தரச் சணல் விளையும் வயல்கள் எல்லைக்கு அப்பால், கிழக்கு வங்கத்தில். வணிகம் முடங்கியதால் ஆலைகள் மூலப்பொருளுக்குத் தவித்தன. உழவர்கள் வாங்குவாரின்றி நின்றனர்.

1950இல் மூண்ட கொரியப் போர் மூலப்பொருள் விலைகளை ஏற்றிவிட, பாகிஸ்தானின் பிடிவாதம் பலித்ததாகவே தோன்றியது. 1951 பிப்ரவரியில் இந்தியா இறங்கிவந்து அவ்விகிதத்தை ஏற்றது. போர்க்கால விலைகள் சரிந்தபின் நிலைமை மாறியது. 1955 ஜூலை இறுதியில் பாகிஸ்தானும் 4.76க்கு வந்தது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா டாலருக்கு 7.50 ரூபாய் என நிர்ணயிக்கும்வரை பழைய சமநிலை நீடித்தது.