வினைல் ரெக்கார்ட்: சவுண்டுக்காகத்தான் வாங்குறோமா?

இன்னைக்கு நான் தோத்த கதையிலேருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி 18,000 ரூபாய் கொடுத்து ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். அன்னையிலேருந்து ரூம்மேட்கிட்ட ஒரே பீத்தல்: "அனலாக் அனலாக்தான்டா, டிஜிட்டல்ல இந்த வார்ம்த் வராது." அவனும் இன்ஜினியர். சும்மா விடுவானா? சோதிச்சே பார்த்துட்டான்.

ஓடுறது ஒரே ரெக்கார்ட். ஒரு வழியில் சிக்னல் நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். இன்னொரு வழியில் லேப்டாப்புக்குள் போய் டிஜிட்டலாகி, மறுபடியும் அனலாகாக மாறி வரும். வால்யூம் ரெண்டிலும் ஒண்ணு. வழி மாத்தும்போது சத்தத்தை நிறுத்திடுவான். எந்த வழின்னு நான் சொல்லணும். 20 தடவையில் 11 சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

எனக்கு மட்டும் இல்லை இந்த அவமானம். அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டின்னு ஒரு கம்பெனி, உயர்தர ரெக்கார்டுகளுக்குப் பேர் போனது. ஒரு ஆல்பம் 100 டாலருக்கு மேலகூட விற்பாங்க. பழைய மாஸ்டர் டேப்பிலிருந்து முழுக்க அனலாகாகவே வருதுன்னு ரசிகர்கள் நம்பினாங்க. நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருக்குன்னு 2022-ல் வெளியே வந்தது. வழக்கு, பணம் திரும்பக் கொடுக்கிறதுன்னு போச்சு. எனக்குப் பிடிச்ச விஷயம் வேற: அத்தனை வருஷமா காதை நம்பி விமர்சனம் எழுதினவங்க யாருக்கும் அது தெரியவே இல்லை!

அப்போ ரெக்கார்டில் பாட்டு ஏன் வேற மாதிரி கேட்குது? அதன் குறைகளால்தான். எல்பி நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. வெளி ஓரத்தில் அந்த 1.8 விநாடியை எழுத சுமார் 90 செ.மீ. பள்ளம் கிடைக்கும். லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது 40 செ.மீ.கூட இல்லை. பாட்டு உள்ளே போகப் போக பிட்ரேட் குறையுற மாதிரி. அதனால்தான் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' எல்லாம் கரகரன்னு வரும். பேஸ் இன்னொரு தலைவலி. அதை அப்படியே வெட்டினா பள்ளம் அகலமாக ஆடி, பக்கத்துப் பள்ளத்தில் இடிச்சிடும். அதனால வெட்டும்போது பேஸைக் குறைச்சு, கேட்கும்போது ஃபோனோ ப்ரீஆம்ப் வச்சு ஏத்துறாங்க. இந்தச் சமரசங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் நாம ஆசையா சொல்ற அந்த 'வார்ம்த்'. லேப்டாப் வழியா வந்தப்பவும் அது அப்படியே வந்தது, அதான் நான் தோத்தேன்.

ஆனா விற்பனை என்னவோ ஏறிக்கிட்டேதான் இருக்கு. அமெரிக்காவில் 2022-ல் சுமார் 4.1 கோடி ரெக்கார்டுகள் போயிருக்கு, சிடி 3.3 கோடி. எண்ணிக்கையில் ரெக்கார்ட் சிடியைத் தாண்டினது 1987-க்குப் பிறகு அப்போதான். அங்கே வாங்குறவங்களில் பாதிப் பேர்கிட்ட ஓட்டிக் கேட்க ப்ளேயரே இல்லைன்னு லுமினேட் நிறுவனத்தோட கணக்கு. சிரிப்பு வரும். எனக்கும் முதல்ல வந்தது.

அப்புறம் காலேஜ்ல போட்ட ப்ளேலிஸ்ட்டை ஒரு நாள் திறந்தேன். நாலு பாட்டு சாம்பல் நிறத்தில் கிடக்குது; பேர் இருக்கு, தொட்டா ஓடலை. லைசென்ஸ் முடிஞ்சிருக்கும். மாசாமாசம் பணம் கட்டினது பாட்டுக்கு இல்லை, உள்ளே வரும் அனுமதிக்கு. அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின எல்பி ஒண்ணு என்கிட்ட இருக்கு. கீறல், தூசி, ஒரு இடத்தில் குதிக்கும். ஆனா அதை ஓடக் கூடாதுன்னு யாராலும் ஒரு சர்வரிலிருந்து சொல்ல முடியாது.

இன்னொண்ணு, ஒரு பக்கம் இருபது நிமிஷம் சொச்சம்தான். ஸ்கிப் கிடையாது. முடிஞ்சதும் ஊசி நடுவில் போய் டிக், டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். என் ப்ளேயர் தானா நிக்காது, எழுந்து போகணும்.

இப்பல்லாம் பெரும்பாலும் எழுந்து போய்த் திருப்பிப் போடுறது ரூம்மேட்தான். கேட்டா, "பக்கத்துல இருந்தேன், அவ்வளவுதான்"ங்கிறான்.