உரையளவையும் செயற்கை நுண்ணறிவும்

ஒரு பொருளின் உண்மையைத் துணிதற்கு முன்னர், அதனைத் துணிதற்குரிய கருவி யாது என்பதைத் துணிதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தில் முதற்சூத்திரப் பொருளை விரிப்பதற்கு முன் அளவையியலை வைத்தருளியது இம்முறை பற்றியேயாம். துலாக்கோல் கோடியதாயின் அதனால் நிறுக்கப்பட்ட பொன்னின் நிறையும் பொய்யாகும். அவ்வாறே அளவை வழுவின், அதனால் அறியப்படும் பதி பசு பாசம் என்னும் முப்பொருளின் உணர்வும் வழுவும். ஆகலின் அளவையாராய்ச்சி தருக்க நூலார்க்கே உரியதென்று ஒதுக்கற்பாலதன்று. செயற்கை நுண்ணறிவு என்னும் பொறி வீடுதோறும் புகுந்து, வினவியவற்றிற்கெல்லாம் நொடிப்பொழுதில் விடையிறுக்கும் இக்காலத்தில், எவ்வுரையை நம்புவது என்னும் வினா கற்றார் கல்லார் அனைவர்க்கும் எழுந்துள்ளது. அவ்வினாவிற்குச் சித்தாந்த அளவையியல் தரும் விடை யாதென்பது ஈண்டு ஆராயப்படும்.

காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு, ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என அளவைகள் பத்தென்பாரும் உளர். அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சித்தியார் துணிபு. காண்டலாவது பொருளை நேரே அறிதல். குற்றியோ மகனோ என ஐயுறுதலும், கயிற்றை அரவெனத் திரிய உணர்தலும் காண்டலளவை ஆகா. கருதலாவது, புகை கண்டவிடத்து நெருப்புண்மை துணிதல்போல, விட்டு நீங்காத் தொடர்புடைய ஏதுவினால் காணாத பொருளை அறிதல். உரையாவது, அவ்விரண்டானும் அறியவாராத பொருளை ஆப்தன் சொல்லால் அறிதல். இயல்பாகவே முற்றுணர்ந்தோனும் மலமற்றோனும் ஆகிய இறைவன் அருளிய நூலே உரையளவையுள் தலையாயது. உலகியலில் ஆப்தன் எனப்படுவான், பொருளை உள்ளவாறு கண்டவனும், கண்டவாறு சொல்பவனும், பிறரை வஞ்சிக்குங் கருத்தில்லாதவனும் ஆவான். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் அவன் சொல் அளவையாதல் செல்லாது.

இவ்வளவைகள் இக்காலத்தில் எவ்வாறு சோதனைக்குட்பட்டன என்பதைக் காண்பதற்குச் சென்னைக் கோடம்பாக்கம் தக்கதோர் இடமாகும். அவ்வூர்ப்பெயர் தமிழ்த் திரைப்படத் தொழில் முழுமைக்கும் ஆகுபெயராய் வழங்கி வருகின்றது. ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் பின்னணிப் பாட்டு அத்தொழிலில் நெடுநாளைய வழக்கு. திரையில் வாயசைப்பவரின் குரலன்று தாம் கேட்பது என்பதை மக்கள் அறிந்தேயிருந்தனர். ஆயினும் இக்குரல் இன்னாருடையது, அவர் ஒருநாள் நின்று பாடியது என்பதில் அவர்க்கு ஐயமில்லை. குரல் ஏது, பாடினார் ஒருவர் உண்மை துணிபொருள். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு போல்வதோர் உறுதி அதற்கிருந்தது.

2024ஆம் ஆண்டில் அவ்வுறுதி நெகிழ்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் வெளிவந்த 'லால் சலாம்' என்னும் படத்தின் ஒரு பாட்டில், ஏறக்குறையக் கால்நூற்றாண்டின் முன் மறைந்த சாகுல் அமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்கியா என்னும் இருவர் குரல்களும் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பெற்று ஒலித்தன. அதற்கு இசையமைத்தவர், கோடம்பாக்கத்தில் தம் ஒலிப்பதிவுக்கூடத்தையுடைய ஏ. ஆர். ரகுமான். 2024 ஜனவரி 25இல் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலும், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர் உடன்பிறந்தார் யுவன் சங்கர் ராசா இசையமைத்த பாட்டொன்றில் அவ்வாறே கேட்கப்பட்டது. குரல் உண்டு; அப்பாட்டை அவர் பாடியது இல்லை. பனிப்படலத்தைப் புகையென்று கொண்டு மலையில் நெருப்பைத் துணிவான் போல, குரலையே ஏதுவாகக் கொண்டு பாடினாரைத் துணிவானும் இனி வழுவுவான்.

ஆயின் இப்பாட்டுக்களைக் கேட்டார் வஞ்சிக்கப்பட்டனரோ எனின், இலர். என்னை? குரலுக்குரியார் குடும்பத்தாரின் இசைவு பெறப்பட்டதென்றும், உரிய ஊதியம் அளிக்கப்பட்டதென்றும் ரகுமான் முன்னரே வெளிப்படக் கூறினார். செவி தாராத உண்மையை, பெயர் கூறிப் பொறுப்பேற்று நின்ற ஒருவரது சொல் தந்தது. காண்டலும் கருதலும் தளர்ந்தவிடத்து உரையே தாங்கிற்று. அவ்வுரைக்கு வலிமை தந்தது, சொன்னவர் இன்னார் என்று தெரிந்திருத்தலும், பொய்யாயின் வினவப்படுவார் அவரே என்பதுமாம்.

இதற்கு மறுதலையாயதும் ஒன்றுண்டு. ஆனந்த் எல். ராய் இயக்கி 2013இல் வெளிவந்த இந்திப்படமொன்று தமிழில் 'அம்பிகாபதி' என்னும் பெயரால் வழங்கிற்று. அதன் தலைவன் முடிவில் இறப்பான். 2025 ஆகஸ்ட் முதல் நாளில் அத்தமிழ்ப்படம் மீண்டும் வெளியிடப்பட்டபோது, செயற்கை நுண்ணறிவால் அவன் உயிர் பிழைப்பதாக முடிவு மாற்றப்பட்டிருந்தது. இயக்குநரும், நடித்த தனுஷும் தமக்கு உடன்பாடின்மையை வெளிப்படையாகக் கூறினர். பெயர் பழையது, முகம் பழையது, முடிவு மட்டும் ஆக்கியோன் அறியாதது. ஏட்டுச்சுவடிகளோடு பழகிய சைவர்க்கு இது புதிதன்று. இடைச்செருகல் என்று அவர் அஞ்சிக் காத்து வந்த குற்றமே இது. முன்னாளில் ஒரு பாட்டை இடைச்செருகுதற்குப் புலமையும் காலமும் வேண்டியிருந்தன. இன்று அவ்விரண்டும் வேண்டா என்பதே வேற்றுமை.

இனி இப்பொறியின் இயல்பை நோக்குவாம். உரையாடும் செயற்கை நுண்ணறிவு, மக்கள் எழுதி வைத்த அளவிறந்த எழுத்துக்களினின்று, எச்சொல்லின்பின் எச்சொல் வருதல் பெரும்பான்மை என்பதைப் பயின்று, அப்பயிற்சியால் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைப்பது. சொற்றொடர் இயைபுற அமைதல் ஒன்று. அத்தொடரின் பொருள் உண்மையாதல் மற்றொன்று. முன்னையதிற் பொறி மிகவல்லது. பின்னையதனைத் தானே கண்டறியும் ஆற்றல் அதற்கு இயல்பாக இல்லை. எனவே அதன் உரை ஆப்தமொழி ஆமாறில்லை. பொருளைக் கண்டதொரு காட்சி அதற்கின்று. கண்டவாறு கூறுதல் என்பதும் அதன்கண் பொருந்தாது. வஞ்சிக்குங் கருத்து அதற்கில்லையே எனின், ஆம், இல்லை. மெய் கூறுங் கருத்தும் இல்லை. ஆப்தனுக்குரிய மூன்றனுள் முதலிரண்டும் இன்றி மூன்றாவது மட்டும் நின்று பயனென்னை?

அற்றேல், பல்லாயிரவர் எழுதியவற்றின் சாரமாதலின் அதனை ஐதிகம் எனக் கொள்ளலாமே எனின், அஃது ஆராயத்தக்கது. 'இவ்வாலமரத்திற் பேயுண்டு' என்று பரம்பரையாகக் கூறப்படுவதனை ஐதிகத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். சொல்வார் பலர், முதற்கண் கண்டார் யார் என்பது தெரியாது. பொறியின் உரை இதனோடு பெரிதும் ஒத்தது. கோடம்பாக்கம் என்னும் பெயரையே கொள்க. ஆர்க்காட்டு நவாபுகளின் குதிரைகள் நின்ற தோட்டமாதலின் 'கோடா பாக்' என்னும் உருதுத்தொடர் கோடம்பாக்கம் எனத் திரிந்ததென்பர் ஒருசாரார். கார்க்கோடகன் வழிபட்ட இடமாதலின் அப்பெயர் வந்ததென்பர் மற்றொரு சாரார். இரண்டும் ஐதிகமே. பொறியை வினவின் இவற்றுள் ஒன்றையோ இரண்டையுமோ ஐயமற்றதுபோல் எடுத்துரைக்கவுங் கூடும். அளவையறிந்தார் அவ்வளவில் அமையார். நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், கீழ்ப்பாக்கம் என அருகிலுள்ள ஊர்களும் பாக்கம் என்றே முடிகின்றன. அவையெல்லாம் நவாபின் தோட்டங்களாதல் இல்லை. மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் பெயர்கள் சிலப்பதிகாரத்திலேயே உள்ளன. ஆகவே பாக்கம் என்னும் ஈறு நவாபுகளுக்குப் பன்னூறாண்டு முந்திய தமிழ்வழக்கு என்பது கருதலளவையால் துணியப்படும். பெயரின் முற்பகுதிக்கு இத்தகைய வலிய ஏது கிடைக்குங்காறும் ஐயத்தை ஐயமாகவே வைத்தல் கடன். தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலிற் கூறுதல் பொறியின் குற்றம். அவற்றைப் பகுத்து வைத்தல் அறிவின் தொழில்.

இன்னும், ஐதிகமாவது மக்கள் வாய்வழி வந்தது; பொறியோ எவரும் சொல்லாததையும் புதிதாகப் புனையும். 2023ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில், விமான நிறுவனம் ஒன்றன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கில், வழக்கறிஞர் ஒருவர் சாட்ஜிபிடி என்னும் பொறி தந்த முன்தீர்ப்புக்களை எடுத்துக்காட்டினார். அத்தீர்ப்புக்கள் உலகில் எந்நீதிமன்றத்தும் வழங்கப்படாதவை. அவை மெய்யோ என்று அவர் அப்பொறியையே வினவியபோது, மெய்யென்றே அது விடை தந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். ஐயுறப்பட்ட சான்றினிடமே அதன் மெய்ம்மையை வினவுதல், அளவுகோல் நேரிதோ என்பதை அக்கோல் கொண்டே அளத்தலை ஒக்கும். ஓரளவையைச் சோதிப்பது அதனின் வேறாய அளவையேயாதல் வேண்டும்.

நீதிமன்றத்தில் நேர்ந்தது திருமுறையில் நேராது என்பதற்கு உறுதியில்லை. அன்பரொருவர் தம் நோய் தீர ஓதுதற்குரிய பதிகம் யாதென வினவ, திருநாவுக்கரசர் திருமொழிபோல் சந்தமும் தலப்பெயரும் அமைந்த செய்யுளைப் பொறி புனைந்து தருதல் கூடும். அதனை அவர் மெய்யென்றெண்ணி ஓதுவர், பிறர்க்கும் அனுப்புவர், ஒருவர் அச்சிடுவர். பின்னர் வரும் பொறி அவ்வச்சினைப் படித்து, இஃது அப்பர் வாக்கே என்று சான்றும் காட்டும். அப்போது சான்றுகள் பலவாகத் தோன்றினும் உண்மையில் ஒன்றேயாம். நூறு சுவடிகள் ஒரு சுவடியைப் பார்த்தெழுதியவையாயின், அந்நூறும் ஒரு சான்றாகவே எண்ணப்படும் என்பது பாட ஆராய்ச்சியாளர் நெறி. இந்நெறியை மறந்தார்க்கு, எங்கும் காணப்படுதலே மெய்ம்மைக்கு அடையாளமாய்விடும். உரையளவையாகப் போற்றப்படும் அருள்மொழியில் பொய்ம்மொழி விரவுமாயின், இழக்கப்படுவது ஒரு செய்யுள் மட்டுமன்று. அம்மொழியால் பொருளைத் துணியும் வழியே இழக்கப்படும்.

புதிய பதிகம் ஒன்று மெய்யாகவே கிடைத்தவிடத்துச் சைவவுலகம் அதனை எவ்வாறு ஏற்றது என்பதற்குத் திருவிடைவாய்ப் பதிகம் சான்றாகும். சுவடிகளிற் காணப்படாத அத்திருஞானசம்பந்தர் பதிகம், 1917ஆம் ஆண்டில் அத்தலத்துத் திருக்கோயிற் கல்வெட்டினின்று வெளிப்பட்டது. கல்லில் உள்ளது கண்ணாற் காண்டற்குரியது. இவ்வூர், இக்கோயில், இக்கல் என்று சுட்டத்தக்கது. வேண்டுவார் எவரும் சென்று எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கலாம். சொல்லழகு கண்டு ஏற்றதன்று. சென்று காணும் இடம் உண்மையான் ஏற்றது.

இவற்றால் பொறிகளனைத்தும் விலக்கற்பாலன என்பது கருத்தன்று. பழையன எல்லாம் நல்லனவும் ஆகா, புதியன எல்லாம் தீயனவும் ஆகா என்னுங் கருத்தை உமாபதி சிவாசாரியார் சிவப்பிரகாசத்து அவையடக்கத்தில் வைத்தருளினார். கணிப்பொறியின் துணைகொண்டு சைவநூல்களுக்கு விளைந்த நன்மையும் பெரிது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புக்களில், தட்டெழுதினார், பிழைதிருத்தினார் பெயர்கள் குறிக்கப்படுகின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்கள் 2007இல் தேவாரத்தை மின்வடிவில் வெளியிட்டபோது, தொகுத்தாரும் ஆங்கிலப்படுத்தினாரும் இன்னார் என்பது வெளிப்படையாயிற்று. இவற்றிற் பிழையிருப்பின் சுட்டிக்காட்டலாம், திருத்துவார் உளர். பொறி ஆண்டும் உண்டு. பொறியின் பின்னே பொறுப்புடைய மக்களும் உளர்.

ஆகவே செயற்கை நுண்ணறிவின் விடையைச் சித்தாந்தத் தருக்கத்தில் எங்கு வைப்பது எனின், அளவையாக வையாது, அளவை இருக்குமிடத்தைத் தேடுதற்குரிய வழிக்குறிப்பாக மட்டும் வைத்தல் தகும். வழிப்போக்கன் ஒருவன் 'அத்தெருவில் அவ்வீடு உளது போலும்' என்றால், நாம் சென்று கதவைத் தட்டிப் பார்க்கின்றோம். அவன் சொல்லையே வீடாகக் கொண்டு குடிபுகுவதில்லை. இக்காலப் பொறிகளுட் சில, தம் விடையோடு நூற்பெயரையும் இணைய முகவரியையும் தருகின்றன. அந்நூல் உண்டோ, அப்பக்கத்தில் அச்செய்தி உண்டோ என்பதைத் திறந்து பார்த்தபின், நம்பப்படுவது அந்நூலேயன்றிப் பொறியன்று.

ஒரு செய்தி எதிர்ப்படுங்கால் வினவற்பாலன நான்கு. இதனை முதற்கண் கண்டறிந்தார் யார்? எந்நூல், எப்பதிப்பு, எக்கல்வெட்டு வழியாக வந்தது? அதனைப் பார்த்தெழுதாத வேறொரு சான்று உண்டோ? பிழையாயின் விடை கூறுதற்குரியார் யார்? இந்நான்கிற்கும் விடை கிடைப்பின் ஏற்க. சிலவற்றிற்கே கிடைப்பின் ஐயமென்று வைக்க. ஒன்றற்கும் கிடையாதாயின், அச்சொல் எத்துணை இனிதாயினும் பிறர்க்கு உரையாது விடுக. திருமுறைச் செய்யுளாயின், தமக்கு அணித்தாயுள்ள ஓதுவாரையோ, தருமபுரம் முதலிய ஆதீனப் பதிப்புக்களையோ நோக்கி ஒப்பிட்ட பின்னரே பிறர்க்கு வழங்குக.

உயிர் தானே விளங்கும் முற்றறிவுடையதன்று, அறிவிக்க அறிவது என்பது சித்தாந்தத் துணிபு. அறிவிக்கப் பெறுதலின்றி அமையாத உயிர்க்கு, அறிவிப்பார் யார் என்று தேர்தலினும் மேம்பட்ட கடன் பிறிதில்லை. அது பற்றியன்றோ குருவைத் தேர்ந்து அடைதலையும், குரு மாணாக்கனைத் தேர்ந்து கொள்ளுதலையும் நூல்கள் வற்புறுத்தின. அத்தேர்ச்சியை ஒரு பொறியிடம் ஒப்புவித்தல் ஆகாது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாகலின், எதனைச் சார்கின்றோம் என்பதை அன்பர்கள் ஒவ்வொரு முறையும் நோக்கிக் கடைப்பிடிப்பாராக.