பலகைப் படத்துக் கண்ணன்

தஞ்சாவூர்ப் பலகைப் படங்களில் வெண்ணெய்க் குடத்தை அணைத்தபடி வீற்றிருக்கும் நவநீத கிருஷ்ணனை நிதானித்து நோக்குகிறவர்களுக்கு முதலில் வியப்பளிப்பது, ஆழ்வார்கள் கார்மேக வண்ணன் என்று போற்றிய அப்பெருமான் அங்கே பெரும்பாலும் பால்போல் வெளுத்த திருமேனியனாய்க் கொழுகொழுவென்று அமர்ந்திருப்பதுதான். மண்டபத்து வளைவுக்குள் பலகையை அடைத்துக்கொண்டு குழந்தை இருக்க, அவனை எடுத்து வளர்த்த யசோதையோ பல படங்களில் ஓரமாய்ச் சிற்றுருவாக நிற்கிறாள். பிரளய வெள்ளத்தில் ஆலிலைமேல் கிடந்த சிசுவின் வயிற்றுக்குள் மார்க்கண்டேயர் அகில உலகங்களையும் கண்டார் என்ற புராணத்தை நினைத்துக்கொண்டால், சிறியவனைப் பெரியவனாக எழுதிய சித்திரக்காரரின் உள்ளம் விளங்கும்.

1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் காலத்தில் செழித்த இக்கலையில், பலாப்பலகைமேல் துணியை ஒட்டி, சுக்கான் பொடியும் கோந்தும் கலந்த பூச்சிட்டு, நகைகளும் தூண்களும் மேடாக எழும்படி அக்கலவையையே மறுபடி வைத்து, கற்களைப் பதித்துத் தங்கரேக்கு ஒட்டுவார்கள். ஜன்னலற்ற பூஜை அறையில், நெய்விளக்கின் எதிரே இருக்கவேண்டிய படம் அது. சுடர் அசையுந்தோறும் மேடான பொன்னெல்லாம் மின்னி மின்னி அசைய, தங்கம் படாத திருமேனி ஒன்றே சலனமற்றிருக்கும்; மாயையின் நடுவே நிலைத்த பரம்பொருளை இதைவிடத் தெளிவாக வர்ணத்தில் சொல்ல இயலும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் படம் இன்று வரவேற்பறைச் சுவரில், சோபாவின் நீளத்துக்குப் பொருத்தமாக அளவெடுத்து மாட்டப்படுகிறது. மேலிருந்து விழும் மின்னொளியில் பொன் முழுவதும் ஒரேயடியாகப் பளபளக்கிறதே ஒழிய அசைவதில்லை. இதனால் கலைஞர் குடும்பங்கள் பிழைக்கின்றன என்பாரும் உண்டு, அது மெய்யே.

ஆயினும் என்னை அதிகம் வருத்துவது பழம் படங்களின் கதிதான். தலைமுறை தலைமுறையாக விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக் கறுத்தவற்றைப் புதுப்பிக்கக் கொடுக்கிறார்கள். திரும்பி வரும்போது ரேக்கு புதிதாயிருக்கிறது, கற்கள் புதிதாயிருக்கின்றன, கண்ணும் புருவமும் இதழ்க்கோடும்கூட வேறொருவர் கையால் புதிதாக எழுதப்பட்டிருக்கின்றன. பாட்டி தினந்தோறும் பூச்சூட்டிக் கும்பிட்ட முகம் அந்தப் பூச்சுக்கடியில் புதைந்துவிட்டது. பழைய படம் வைத்திருப்போர், அழுக்கை நீக்கினால் போதும், முகத்தில் மட்டும் தூரிகை படலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதற்கு இசையாதவரிடம் படத்தைக் கொடாதிருப்பதே நலம்.