வால் நனைந்தால் உஷார்! ஹாம்ஸ்டர் குட்டிக்கு கெடு 2 நாள்தான்

சென்னை:

பிள்ளை அடம்பிடித்து அழ, வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை அப்பா வாங்கித் தந்த ஹாம்ஸ்டர் குட்டி. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கூண்டுக்குள் சக்கரம் சுற்றி வீட்டையே சிரிக்க வைத்தது. புதன்கிழமை காலையில் பார்த்தால் மூலையில் சுருண்டு கிடக்கிறது. "தூங்குதுடா, தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்கு கிளம்பி விடுகிறார். வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, விறைத்துப் போன குட்டியைப் பார்த்து தேம்பித் தேம்பி அழுகிறது.

ஹாம்ஸ்டர் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கிற சோகம் இது. பல்லாவரம் சந்தையில் வாங்கினாலும் சரி, கொளத்தூர் பக்கம் கடையில் வாங்கினாலும் சரி, புதிதாக வந்த குட்டிக்கு முதல் சில வாரங்கள்தான் கண்டம். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், எதை செய்யவே கூடாது என்று தெரிந்திருந்தால் பல குட்டிகளைக் காப்பாற்றி விடலாம்.

அலெப்போவில் இருந்து வந்த விருந்தாளி

ஹாம்ஸ்டர் நம்மூர் பிராணி கிடையாது. 1930-ல் சிரியா நாட்டில் அலெப்போ நகரம் அருகே வயலைத் தோண்டி, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்தார் ஆரோனி என்ற விலங்கியல் நிபுணர். உலகம் முழுக்க வீடுகளில் வளரும் பெரிய வகை ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரே குடும்பத்தின் வாரிசுகள்தான். பகலில் தூங்கும். ராத்திரியில் கொட்டமடிக்கும். ஆயுள் 2 முதல் 3 வருஷம்.

வால் ஏன் நனைகிறது?

குட்டி ஹாம்ஸ்டர்களை அதிகம் கொல்வது பேதி. வாலைச் சுற்றி எப்போதும் ஈரமாகவே இருப்பதால் வெளிநாடுகளில் இதற்கு 'ஈர வால்' நோய் என்றே பெயர். லாசோனியா என்ற பாக்டீரியா கிருமி குடலைத் தாக்குவதுதான் முக்கிய காரணம். தாய்ப்பாலை மறந்த 3 வாரக் குட்டி முதல் 10 வாரக் குட்டி வரை இதில் அதிகமாக மாட்டுகிறது.

நேற்று வரை ஆடிக்கொண்டிருந்த குட்டிக்கு திடீரென்று எப்படி வரும்? தாயைப் பிரிந்த பயம், ஒரே கூண்டில் நெரிசல், வண்டிப் பயணம், புது இடம், புது தீனி, குழந்தைகள் மாற்றி மாற்றி கையில் தூக்குவது என எல்லாம் சேர்ந்து குட்டியின் எதிர்ப்பு சக்தியைக் குறைத்து விடுகிறது. கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம்.

மனுஷனுக்கு ஒருநாள் பேதி வந்தால் படுத்து எழுந்து விடுகிறான். குட்டி ஹாம்ஸ்டரின் எடை சுமார் 40 கிராம், அதாவது ஒரு கோழி முட்டையை விடக் குறைவு. அது ஒரு நாளைக்கு குடிக்கும் தண்ணீர் சுமார் 4 மில்லி, ஒரு டீஸ்பூன்கூட கிடையாது. அந்த உடம்பில் இருந்து கொஞ்சம் நீர் வெளியேறினாலே ஆள் காலி. கவனிக்காமல் விட்டால் 2 நாளில் உயிர் போய்விடலாம்.

இப்படி இருந்தால் ஆபத்து

* வால், பின்பக்கம், அடிவயிறு ஈரமாக, அழுக்காக இருப்பது. கூண்டில் கெட்ட வாடை.

* சாயங்காலம் ஆகியும் வெளியே வராமல் முதுகை வளைத்து ஒடுங்கி உட்காருவது.

* பாதி மூடிய கண், சிலிர்த்து நிற்கும் ரோமம்.

* தீனியைத் தொடாமல் இருப்பது. தொட்டாலே கடிக்க வருவது.

* கழுத்துக்குப் பின்னால் தோலை லேசாகப் பிடித்து விட்டால் உடனே படியாமல் மடிப்பாகவே நிற்பது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் செய்ய வேண்டிய முதலுதவி

முதலில் குட்டியைத் தனி டப்பாவில் வைக்க வேண்டும். காற்றுத் துளை போட்ட ஷூ டப்பா போதும். அடியில் டிஷ்யூ பேப்பரைக் கிழித்துப் போடலாம். பஞ்சு வேண்டாம். அது காலில் சுற்றிக்கொள்ளும், தின்றால் குடலையும் அடைக்கும்.

அடுத்து கதகதப்பு. நோயில் விழுந்த குட்டியின் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப் போகும். ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, துண்டில் சுற்றி, டப்பாவின் ஒரு பக்கமாக வெளியே ஒட்டி வைக்கலாம். சூடு பிடிக்காவிட்டால் குட்டி மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். மே மாத மத்தியானத்தில் இது தேவையில்லை.

மூன்றாவது நீர். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும், அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும். கண் அளவில் கலக்கக் கூடாது. தண்ணீர் காய்ச்சி ஆற வைத்ததாக இருக்கட்டும். இங்க் பில்லரிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ எடுத்து, வாய் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் குட்டி நக்கிக் கொள்ளும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை சில சொட்டு தரலாம். அவசரப்பட்டு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அதுவே எமனாகி விடும். மயங்கிக் கிடக்கும் குட்டிக்கு வாய்வழியாக எதுவும் தரக் கூடாது.

வெள்ளரி, தர்பூசணி, கீரை எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஆனால் பட்டினி போடக் கூடாது. பழகிய தானியத் தீனியை பக்கத்திலேயே வைக்கலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

"பாவம், பால் கொடுப்போம்" என்று பசும்பால் வைப்பது தப்பு. பேதி இன்னும் அதிகமாகும்.

அதைவிடப் பெரிய தப்பு, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது. பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டருக்கு விஷம் மாதிரி. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, கெட்ட கிருமிகளுக்கு வழி விட்டுவிடும். நோயில் பிழைத்த குட்டிகூட மாத்திரையில் செத்துப் போகும். பெரியவர்களுக்கான பேதி மாத்திரை, காய்ச்சல் மாத்திரையும் கூடவே கூடாது.

அழுக்கான வாலைக் குழாய் தண்ணீரில் கழுவி, குளிப்பாட்டுவதும் ஆபத்து. வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தி விட வேண்டும்.

அன்றைக்கே டாக்டரிடம் போகணும்

முதலுதவி என்பது ஆஸ்பத்திரி போகும் வரைதான். வீட்டிலேயே சரியாகி விடும் என்று காத்திருக்கும் நோய் இல்லை இது. கால்நடை டாக்டர் எடை பார்த்து, தோலுக்கு அடியில் குளுக்கோஸ், உப்பு கலந்த நீரை ஊசி மூலம் ஏற்றுவார். ஹாம்ஸ்டருக்கு ஒத்துக்கொள்ளும் மருந்தையும் அவர்தான் எழுத முடியும்.

மாடு, நாய் பார்க்கும் எல்லா கிளினிக்கிலும் ஹாம்ஸ்டர் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. போன் போட்டு கேட்டுவிட்டு கிளம்பினால் அலைச்சல் மிச்சம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. குட்டியின் கழிவைக் கொஞ்சம் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போனால் பரிசோதனைக்கு உதவும். எப்போது வாங்கியது, என்ன தீனி, எத்தனை முறை பேதி என்பதையும் சொல்ல வேண்டும்.

வெயிலும் எமன்தான்

சுருண்டு கிடந்தால் எல்லாம் பேதி அல்ல. ஹாம்ஸ்டருக்கு 20 முதல் 24 டிகிரி வெப்பம்தான் சுகம். அக்னி நட்சத்திர நேரத்தில் ஷீட் போட்ட வீட்டில் அடுப்பு மாதிரி கொதிக்கும். குட்டி தரையோடு தரையாகப் படுத்து வேகமாக மூச்சு வாங்கினால் வெயில் தாக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே கூண்டை நிழலான, குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, ஈரத்துணியைக் கூண்டின் ஒரு பக்கம் போட்டு விட்டு, டாக்டரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

ஜெர்பில் குட்டிக்கும் இதேதான்

ஹாம்ஸ்டர் மாதிரியே ஜெர்பில் என்ற பிராணியையும் சிலர் வளர்க்கிறார்கள். நம்மூர் வயக்காட்டு வெள்ளெலிக்கு தூரத்து சொந்தம். வீட்டில் வளர்ப்பது மங்கோலியா பக்கத்து வகை. அதற்கு பேதி வந்தாலும் இதே முதலுதவிதான். ஆனால் நீள வாலைப் பிடித்து மட்டும் தூக்கக் கூடாது. தோல் உரிந்து கையோடு வந்துவிடும்.

வாங்கும் போதே பாருங்க

பகலில் பார்த்தால் எல்லா குட்டியும் தூங்கும். சாயங்காலம் போனால் எது துறுதுறுவென்று இருக்கிறது என்று தெரியும். வால் காய்ந்து, கண் பளிச்சென்று இருக்க வேண்டும். ஒரே கூண்டில் ஒரு குட்டிக்கு பேதி இருந்தாலும் அந்தக் கூண்டில் வாங்கவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் முதல் 3, 4 நாள் பிள்ளைகள் கையில் தூக்காமல் வேடிக்கை மட்டும் பார்க்கட்டும். கடையில் தந்த அதே தீனியைத் தொடர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

கூண்டைத் தொட்டதும் சோப்பு போட்டு கை கழுவுவது கட்டாயம். கர்ப்பிணிகள் கூண்டு சுத்தம் செய்யக் கூடாது. எலி இனப் பிராணிகளிடம் இருந்து பரவும் சில கிருமிகள் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும்.

எல்லாம் செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. அப்போது "எங்கேயோ ஓடிப்போச்சு" என்று பிள்ளையிடம் பொய் சொல்லாமல் உண்மையைச் சொல்லி, ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பது நல்லது. பழைய கூண்டை பிளீச்சிங் கலந்த தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைக்காமல் அடுத்த குட்டியை அதில் விடக் கூடாது.

சில நூறு ரூபாய் குட்டிதானே என்று பெரியவர்கள் நினைக்கலாம். பெயர் வைத்து, ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்த பிள்ளைக்கு அது அப்படி இல்லை. வால் நனைந்த அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், ஞாயிற்றுக்கிழமை சக்கரம் மறுபடி சுற்றும் வாய்ப்பு இருக்கிறது.